மின்சார விமான இறக்கைக்கு ஐஸ் பாதுகாப்பு: ஆற்றல் கணக்கு முதல் பறத்தல் சோதனை வரை

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: எந்த ஹீட்டர் போடலாம், எத்தனை வாட் வேண்டும்? அது பாதி வழிக்கு மேல் வந்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி. டர்பைன் எஞ்சின் உள்ள விமானத்தில் சூடான காற்று எஞ்சினிலிருந்தே கிடைக்கிறது. கணக்கு கொஞ்சம் பிசகினாலும் சமாளித்துவிடலாம். பேட்டரி விமானத்தில் ஒவ்வொரு கிலோவாட்டும் பறக்கும் தூரத்திலிருந்து கழிகிறது. மோட்டாரின் வீண் வெப்பத்தைப் பயன்படுத்தலாமே என்றும் கேட்பார்கள். மின் மோட்டார் திறன் மிக்கது, வீணாக்கும் வெப்பம் குறைவு. வருகிற கொஞ்சமும் மிதமான சூட்டில்தான் வரும். அதைக் குழாய் போட்டு இறக்கை முழுக்கக் கொண்டுபோனால் குழாயின் எடையே ஆதாயத்தைத் தின்றுவிடும்.

கீழே உள்ள வரிசை, வேலையை முன்னுக்குப் பின்னாகச் செய்து பார்த்த பிறகு எனக்குச் சரியாக அமைந்த வரிசை. எடுத்துக்காட்டுக்கு ஒரு கற்பனை விமானத்தை வைத்துக்கொள்கிறேன்: எடை 5000 கிலோ, வேகம் நொடிக்கு 90 மீட்டர், பேட்டரி 300 கிலோவாட் மணி, காக்க வேண்டிய இறக்கை நீளம் இரு பக்கமும் சேர்த்து 16 மீட்டர். உங்கள் எண்கள் வேறாக இருக்கும், கணக்குப் போடும் முறை மாறாது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இறக்கையின் வெட்டுமுகங்கள் வேண்டும். வேர், நடு, நுனி என்று குறைந்தது மூன்று இடங்களில். ஏறுதல், நேர்ப்பறத்தல், காத்திருத்தல் (இறங்கும் முறை வரும் வரை வானில் மெதுவாகச் சுற்றுவது), இறங்குதல் ஆகிய ஒவ்வொரு நிலைக்கும் வேகமும் தாக்குகோணமும் (எதிர்க்காற்றுக்கு இறக்கை சாய்ந்திருக்கும் கோணம்) வேண்டும். கோணம் மாறினால் காற்று இறக்கையில் பிரியும் கோடு நகரும். ஹீட்டர் எதுவரை போக வேண்டும் என்பதை அந்தக் கோடுதான் சொல்லும்.

குளிரில் பேட்டரி உண்மையில் எவ்வளவு தரும் என்ற எண் வேண்டும். விளம்பரத் தாளில் உள்ள கொள்ளளவு அறை வெப்பநிலையில் அளந்தது. ஐஸ் படியும் வானிலை குளிரானது. குளிரில் செல்லின் உள்தடை ஏறும், எடுக்கக்கூடிய ஆற்றல் இறங்கும். அதாவது தேவை கூடும் அதே நேரத்தில் இருப்பு குறைகிறது. புறப்படும் முன் தரை மின்சாரத்தில் பேட்டரியைச் சூடேற்றி வைப்பது உங்கள் திட்டத்தில் உண்டா இல்லையா என்பதை இப்போதே எழுதிவிடுங்கள்.

அப்புறம் இரண்டு சின்ன எண்கள்: மின்பாதையின் அதிகபட்ச, குறைந்தபட்ச மின்னழுத்தம், முன்விளிம்பில் உள்ள கூட்டுப்பொருளில் (இழையும் பிசினும் சேர்ந்த பொருள்) பிசின் தாங்கும் வெப்பநிலை. இவை இல்லாமல் 8-ஆம் படிக்குப் போனால் திரும்பி வர வேண்டியிருக்கும்.

2. எந்த மேகத்துக்காகக் கட்டுகிறீர்கள்?

ஐஸ் படிவதற்குக் காரணம், பூச்சியத்துக்குக் கீழே போயும் உறையாமல் திரவமாகவே மிதக்கும் மீக்குளிர் நீர்த்துளிகள். இறக்கை மோதியதும் அவை உறைகின்றன. மேகம் எவ்வளவு மோசமானது என்பதை மூன்று எண்கள் சொல்கின்றன: ஒரு கன மீட்டரில் எத்தனை கிராம் திரவ நீர், துளியின் விட்டம் எத்தனை மைக்ரான், வெப்பநிலை என்ன.

அமெரிக்க விமான விதிகளில் பகுதி 25-இன் பின்னிணைப்பு சி இதற்கான அடிப்படை. தொடர் மேகத்துக்குத் துளி விட்டம் 15 முதல் 40 மைக்ரான் வரை, திரவ நீர் அதிகபட்சம் கன மீட்டருக்கு 0.8 கிராம், மேகத்தின் கிடைநீளம் 17.4 கடல் மைல். குவியல் மேகம் போன்ற இடைவிட்ட மேகத்துக்கு நீர் 3 கிராமை நெருங்கும், ஆனால் நீளம் 2.6 கடல் மைல்தான். இன்னும் பெரிய துளிகளும் உறைமழையும் பின்னிணைப்பு ஓ-வில் தனியாக வருகின்றன. பெரிய துளி முன்விளிம்பைத் தாண்டிப் பின்னால் போய் மோதும். அங்கே ஹீட்டர் இருக்காது.

இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டும். ஐஸ் மேகத்தில் தொடர்ந்து பறக்க அனுமதி வேண்டுமா, அல்லது தெரியாமல் மாட்டிக்கொண்டால் வெளியேறும் அளவு போதுமா? ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை 2020-இல் வகைச் சான்று கொடுத்த பிபிஸ்ட்ரெல் வெலிஸ் எலெக்ட்ரோ பகலில் கண்பார்வை விதிப்படி மட்டும் பறக்கும் பயிற்சி விமானம். ஐஸ் வானிலை அதற்குக் கிடையாது. அந்த வேலைக்கு அது சரியான முடிவு. பயணிகளை ஏற்றி அட்டவணைப்படி பறக்க வேண்டிய விமானத்துக்கு அப்படி ஒதுங்க முடியாது.

புதியவர்கள் செய்யும் தவறு, பின்னிணைப்பு சி-யின் எல்லாவற்றிலும் மோசமான எண்களை ஒன்றாகச் சேர்த்து எடுப்பது. அதிக நீரும் கடும் குளிரும் ஒன்றாக வருவதில்லை. குளிரக் குளிர நீர் குறைகிறது. பூச்சியத்தை ஒட்டிய ஒரு புள்ளி, மைனஸ் 10, மைனஸ் 20, மைனஸ் 30 என்று நான்கு புள்ளிகளைத் தனித்தனியாக ஓட்டுங்கள். வெதுவெதுப்பான முனை எவ்வளவு நீரைச் சமாளிக்க வேண்டும் என்று சொல்லும். குளிர்முனை எவ்வளவு நேரம் சூடேற்ற வேண்டும் என்று சொல்லும்.

3. மோதும் நீரைக் கணக்கிடுங்கள்

மென்பொருளைத் திறக்கும் முன் ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். நீர் அளவு, வேகம், இறக்கையின் முன்தோற்றத் தடிமன், பிடிப்பு விகிதம் ஆகிய நான்கையும் பெருக்கினால் ஒரு மீட்டர் இறக்கை ஒரு நொடியில் பிடிக்கும் நீர் வரும். பிடிப்பு விகிதம் என்பது எதிரே வரும் துளிகளில் எத்தனை பங்கு உண்மையில் மோதுகிறது என்பது. சிறிய துளிகள் காற்றோடு வளைந்து தப்பிவிடும்.

நம் விமானத்துக்கு மைனஸ் 10 டிகிரியில் 0.4 கிராம் நீர், 90 மீட்டர் வேகம், 0.25 மீட்டர் தடிமன், 0.3 பிடிப்பு. விடை: மீட்டருக்கு நொடிக்கு 2.7 கிராம். 16 மீட்டருக்கு நொடிக்கு சுமார் 43 கிராம். ஒரு நிமிடத்தில் இரண்டரை லிட்டருக்கு மேல் நீர் உங்கள் இறக்கையில் வந்து சேர்கிறது.

காற்று பிரியும் கோட்டில் பிடிப்பு இன்னும் அதிகம். அங்கே 0.6 என்று வைத்தால் ஐஸ் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் வளரும். இந்த எண்ணைக் குறித்து வையுங்கள், 7-ஆம் படியில் வேண்டும்.

கூர்மையான பொருள்தான் அதிகம் பிடிக்கும். தடித்த இறக்கையைச் சுற்றிக் காற்று தூரத்திலேயே வளையத் தொடங்கிவிடுவதால் துளிகளும் விலக நேரம் கிடைக்கிறது. மெல்லிய வால் இறக்கையில் அந்த நேரம் கிடைப்பதில்லை. அதனால் வாலில் ஐஸ் இறக்கையை விட வேகமாக வளரும், அதுவும் விமானி கண்ணில் படாத இடத்தில். இறக்கைக்கு முழுக் கணக்கும் போட்டுவிட்டு வாலுக்கு அதே வாட்டை நகலெடுப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வாலுக்குத் தனிக் கணக்கு போடுங்கள்.

தாள் கணக்கு கையில் வந்த பிறகு நாசாவின் லூஐஸ் போன்ற மென்பொருளில் ஓட்டி, துளிகள் மேலும் கீழும் எதுவரை மோதுகின்றன என்ற எல்லையை எடுங்கள். தாளில் வந்ததும் திரையில் வந்ததும் இரண்டு மடங்குக்கு மேல் வேறுபட்டால் அலகுகளில் தவறு இருக்கிறது என்று பொருள்.

4. மூன்று வழிகளையும் ஒரே தாளில் ஒப்பிடுங்கள்

முதல் வழி, மோதிய நீரை முழுதும் ஆவியாக்குவது. ஒரு கிலோ நீரை ஆவியாக்க சுமார் 2500 கிலோஜூல் வேண்டும். நொடிக்கு 43 கிராமுக்கு அதுவே 108 கிலோவாட். மேற்பரப்பை 30 டிகிரிக்குக் கொண்டுபோனால் ஓடும் காற்று தனியாக வெப்பத்தைத் திருடும். 4.8 சதுர மீட்டர் சூடான பரப்பு, சதுர மீட்டருக்கு டிகிரிக்கு 300 வாட் என்று வைத்தால் இன்னும் 50 கிலோவாட்டுக்கு மேல். ஆக சுமார் 160 கிலோவாட். அரை மணி நேரத்துக்கு 80 கிலோவாட் மணி. கிலோவுக்கு 200 வாட் மணி தரும் பேட்டரித் தொகுதியில் அது 400 கிலோ.

இரண்டாவது வழி, முன்விளிம்பை உறையாமல் ஈரமாகவே வைத்திருப்பது. மேற்பரப்பு பூச்சியத்துக்கு மேலே ஐந்து டிகிரி இருந்தால் போதும். காற்றுக்குப் போகும் வெப்பம், கொஞ்சம் ஆவியாதல், நீரைச் சூடேற்றுவது எல்லாம் சேர்த்து 25 கிலோவாட். அரை மணிக்கு 12.5 கிலோவாட் மணி, 63 கிலோ பேட்டரி. ஆனால் உறையாத நீர் எங்கே போகும்? பின்னால் ஓடி, ஹீட்டர் முடியும் இடத்தில் உறைந்து வரப்பு போல நிற்கும். முன்விளிம்பில் உள்ள ஐஸை விட அந்த வரப்பு சில நேரம் அதிகக் கெடுதல் செய்யும்.

மூன்றாவது வழி, கொஞ்சம் ஐஸ் சேரவிட்டு, ஒட்டியிருக்கும் அடிப்படலத்தை மட்டும் உருக்கி, காற்றே மீதியைப் பறித்துப்போக விடுவது. முழுப் பரப்பையும் ஒரே நேரத்தில் சூடேற்றினால் சதுர மீட்டருக்கு 25 கிலோவாட் வீதம் 120 கிலோவாட் வேண்டும். ஒரு நேரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கை மட்டும் சூடேற்றினால் 10 கிலோவாட். முன்விளிம்பில் எப்போதும் சூடாக இருக்க வேண்டிய பிரிப்புப் பட்டைக்கு (6-ஆம் படியில் விளக்குகிறேன்) 8 கிலோவாட். மொத்தம் 18 கிலோவாட், அரை மணிக்கு 9 கிலோவாட் மணி, 45 கிலோ.

ஆவியாக்கும் வழி 300 கிலோவாட் மணி பேட்டரியில் கால் பங்குக்கு மேல் தின்கிறது. மூன்றாவது வழி நூற்றுக்கு மூன்று பங்கு. போயிங் 787 இறக்கையில் மின்ஹீட்டர் இருக்கிறதே என்று அதன் அமைப்பை அப்படியே எடுத்து வருபவர்கள் உண்டு. அந்த மின்சாரம் டர்பைன் எஞ்சின் சுழற்றும் ஜெனரேட்டரிலிருந்து வருகிறது. ஹீட்டரை ஒட்டும் முறையை அங்கிருந்து கற்கலாம், ஆற்றல் கணக்கைக் கற்க முடியாது.

மற்ற வழிகளைப் பற்றிச் சுருக்கமாக. காற்றடைத்த ரப்பர் உறை குறைந்த ஆற்றலில் வேலை செய்யும், ஆனால் இறக்கையின் வழவழப்பைக் கெடுக்கும். கிளைக்கால் திரவம் கசியவிடும் முறை பின்னோடும் நீரையும் பார்த்துக்கொள்ளும், ஆனால் திரவம் தீர்ந்தால் பாதுகாப்பும் தீர்ந்தது. மின்காந்தத் துடிப்பால் தோலை உள்ளிருந்து தட்டி ஐஸை உடைக்கும் முறை மிகக் குறைந்த மின்சாரம் எடுக்கும், மெல்லிய ஐஸை மட்டும் விட்டுவைக்கும். முன்னால் சூடான பட்டையும் பின்னால் தட்டும் சுருளும் சேர்ந்த கலப்பு முறை பேட்டரி விமானத்துக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஐஸ் ஒட்டாப் பூச்சுகள் ஆற்றலைக் குறைக்க உதவும், ஆனால் மழையும் தூசியும் முன்விளிம்பை அரிக்கும்போது பூச்சும் போகும். பூச்சு இல்லாமலே கணக்கு நிற்க வேண்டும்.

5. இழுவையையும் அதே தாளில் எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வையுங்கள்.

நம் விமானத்தின் தூக்குவிசைக்கும் இழுவைக்கும் உள்ள விகிதம் 15 என்று வைப்போம். நேராகப் பறக்க 3270 நியூட்டன் உந்துவிசை வேண்டும். பேட்டரியிலிருந்து புரொப்பெல்லர் வரை 80 சதவீதத் திறன் என்றால் பேட்டரி 368 கிலோவாட் கொடுக்க வேண்டும். இறக்கையில் மிஞ்சிய ஐஸ் இழுவையைப் பத்து சதவீதம் கூட்டினால் கூடுதல் செலவு 37 கிலோவாட். ஹீட்டர் மொத்தமும் எடுப்பது 18 தான்.

ஆக, ஹீட்டரில் 4 கிலோவாட் மிச்சம் பிடித்து, அதனால் இழுவை இரண்டு சதவீதம் கூடினால் நீங்கள் நஷ்டத்தில் இருக்கிறீர்கள். ஹீட்டர் செலவு மின்குழுவின் தாளிலும் இழுவை காற்றியக்கக் குழுவின் தாளிலும் தனித்தனியாக இருக்கும் வரை இது யாருக்கும் தெரியாது. நான் வேலை செய்த ஒரு திட்டத்தில் இறக்கை நுனிப்பக்கம் மூன்று மீட்டரைப் பாதுகாக்காமல் விட்டு மின்குழு பாராட்டு வாங்கியது. ஆறு வாரம் கழித்து, தூரம் ஏன் குறைகிறது என்று காற்றியக்கக் குழு தேடிக்கொண்டிருந்தது. ஒரே தாள், இரண்டு பத்தி, கீழே ஒரு கூட்டுத்தொகை. அது போதும்.

இழுவை தவிர இன்னொன்று: தூக்குவிசை. உப்புத்தாள் அளவு சொரசொரப்பே தூக்குவிசையை 30 சதவீதம் வரை குறைக்கும், இழுவையை 40 சதவீதம் வரை கூட்டும் என்பது விமானிகளுக்குச் சொல்லித்தரப்படும் எச்சரிக்கை. தூக்குவிசை இழப்பு நிறுத்துவேகத்தை, அதாவது அதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காத வேகத்தை, ஏற்றும். அதை ஆற்றலால் ஈடுகட்ட முடியாது.

6. மண்டலங்களைப் பிரியுங்கள்

முதலில் பிரிப்புப் பட்டை. காற்று மேலும் கீழுமாகப் பிரியும் கோட்டை ஒட்டி, இறக்கை நெடுக இரண்டரை சென்டிமீட்டர் அகலத்தில் ஓடும் பட்டை இது. ஐஸ் மேகத்தில் இருக்கும் வரை அணையாது. காரணம் எளிது. முன்விளிம்பில் ஐஸ் தொப்பி போலக் கவிந்து நிற்கும். அடியை உருக்கினாலும் எதிர்க்காற்றின் அழுத்தம் அந்தத் தொப்பியை இறக்கையோடு அழுத்தியே வைத்திருக்கும். பட்டை அந்தத் தொப்பியை மேல்பாதி, கீழ்ப்பாதி என்று கிழித்துவிடுகிறது. அப்போதுதான் ஓரத்தில் காற்று புகுந்து தூக்க முடியும்.

கோடு தாக்குகோணத்தோடு நகரும் என்று சொன்னேன். காத்திருக்கும்போது அது கீழ்ப்பக்கம் இறங்கும். நேர்ப்பறத்தலுக்கு மட்டும் பார்த்துப் பட்டையை வைத்தால், மெதுவாகப் பறக்கும்போது கோடு பட்டைக்கு வெளியே போய்விடும். எல்லா நிலைகளின் கோட்டையும் வரைந்து, அவற்றை மூடும் அளவுக்குப் பட்டையின் அகலத்தை எடுங்கள்.

அடுத்து, பட்டைக்குப் பின்னால் மேலும் கீழும் உதிர்ப்பு மண்டலங்கள். ஒரு பக்க இறக்கைக்கு 12, மொத்தம் 24. இடதும் வலதும் ஜோடியாக ஒரே நொடியில் சூடேற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் உதிர்ந்தால் விமானம் சாயும். ஒரு மண்டலம் பழுதானால் அதன் ஜோடியையும் நிறுத்துவதா என்பதை வடிவமைப்பிலேயே முடிவு செய்யுங்கள், விமானியிடம் விடாதீர்கள்.

மண்டலங்களுக்கு இடையிலான இடைவெளிதான் புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம். ஐஸ் காற்றுச்சுரங்கத்தில் ஒரு மாதிரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு ஹீட்டருக்கு நடுவே எட்டு மில்லிமீட்டர் வெறும் இடம். இரு பக்கமும் ஐஸ் பளபளவென்று கழன்றது, அடியில் நீர் ஓடுவதே கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் நடுவில் அந்த எட்டு மில்லிமீட்டரில் ஒரு பல் போல ஐஸ் நின்றது. அடுத்த சுற்றில் பக்கத்து ஐஸ் அந்தப் பல்லைப் பிடித்துக்கொண்டது. நான்காவது சுற்றில் மண்டலம் முழுவதும் கழலவில்லை. வாட்டைக் கூட்டிப் பார்த்தார்கள், பயனில்லை. இடைவெளியை இரண்டு மில்லிமீட்டருக்குக் குறைத்ததும் சரியானது. ஐஸ் கழலவில்லை என்றால் முதலில் வாட்டைப் பார்க்காதீர்கள், குளிர்ந்த இடம் எங்கே என்று பாருங்கள்.

புரொப்பெல்லருக்குப் பின்னால் உள்ள இறக்கைப் பகுதிக்குத் தனி மண்டலம் கொடுங்கள். அங்கே காற்று வேகமாக ஓடுவதால் நீரும் அதிகம் மோதும், வெப்பமும் அதிகம் போகும். முன்விளிம்பு நெடுக ஐந்தாறு சிறு மோட்டார்கள் வரிசையாக உள்ள விமானத்தில் இது இறக்கையின் பெரும்பகுதியாகவே இருக்கும். மோட்டார் பின்னால் இருந்து தள்ளும் அமைப்பு என்றால் கழன்ற ஐஸ் எங்கே பறக்கும் என்று பாருங்கள். நேராகப் புரொப்பெல்லருக்குள் போகும் என்றால் அந்த இடத்தில் உதிர்ப்பு முறை கூடாது. ஐஸே சேராமல் சூடாக வைக்க வேண்டும், அல்லது மோட்டாரை நகர்த்த வேண்டும்.

7. நேரத்தை அமையுங்கள்

ஒரு மண்டலத்துக்கு 10 நொடி, 12 ஜோடிக்கு இரண்டு நிமிடம். நிமிடத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் வீதம் பார்த்தால் மிக மோசமான இடத்தில் 3 மில்லிமீட்டர் சேரும். இது நல்ல அளவு. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஐஸைக் காற்றால் பிடித்து இழுக்க முடியாது, உருகி ஓடிப் பின்னால் உறையும். அதிகம் சேரவிட்டால் இழுவை ஏறும், கழலும் துண்டும் பெரிதாகும்.

குறைந்த வாட்டில் நீண்ட நேரம் சூடேற்றுவது மென்மையானது, சிக்கனமானது என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. 10 நொடியில் ஒரு சதுர மீட்டருக்கு 250 கிலோஜூல் போகிறது. அடிப்படலம் 0.1 மில்லிமீட்டர் உருக வேண்டியது 30 கிலோஜூல்தான். மீதி தோலையும் ஐஸையும் சூடேற்றவும் உள்ளே கசியவும் போகிறது. மெதுவாகச் சூடேற்றினால் கசிவு கூடும், உருகும் நீரும் கூடும். படபடவென்று சூடேற்றி உடனே நிறுத்துங்கள்.

ஒரே நேர அளவை எல்லா வெப்பநிலைக்கும் வைக்காதீர்கள். மைனஸ் 3-இல் போதுமான நேரம் மைனஸ் 20-இல் போதாது. வெளி வெப்பநிலையைப் பார்த்து நேரத்தை மாற்றும் அட்டவணை கட்டுப்பாட்டுப் பெட்டியில் இருக்கட்டும். முன்மண்டலம் முடிந்ததும் அதற்கு நேர் பின்னால் உள்ளதைச் சூடேற்றுங்கள். முன்னிருந்து ஓடிவந்த நீர் அங்கே உறைந்திருக்கும்.

8. ஹீட்டர் அடுக்கு

வெளியிலிருந்து உள்ளே: அரிப்பைத் தாங்கும் மெல்லிய உலோகத் தோல், மின்காப்பு, ஹீட்டர் படலம், மீண்டும் மின்காப்பு, தடித்த வெப்பக்காப்பு, பிறகு கட்டமைப்பு. வெளிப்பக்கம் மெல்லியதாகவும் உள்பக்கம் தடிப்பாகவும் இருந்தால்தான் வெப்பம் ஐஸ் பக்கம் போகும். கார்பன் இழை மின்சாரம் கடத்தும் என்பதால் ஹீட்டருக்கும் அதற்கும் நடுவே கண்ணாடி இழை அடுக்கு கட்டாயம்.

மேகத்துக்குள் இருக்கும்போது நீர் ஹீட்டரைக் குளிர்விக்கிறது. தரையில், காற்றோட்டம் இல்லாமல், அதே வாட்டைக் கொடுத்தால் சில நொடிகளில் பிசின் தாங்கும் எல்லையைத் தாண்டிவிடும். தரையில் சோதித்துப் பார்க்கிறேன் என்று சுவிட்சைப் போட்டு முன்விளிம்பில் கொப்புளம் எழுந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு மண்டலத்திலும் வெப்ப உணரியும், மென்பொருளைச் சாராத தனி வெட்டுசுற்றும் வேண்டும். தரைச் சோதனைக்குச் சில மில்லிநொடித் துடிப்பு போதும். தடையை அளந்தாலே ஹீட்டர் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

9. மின்பாதை

ஹீட்டரை நேராகப் பேட்டரி மின்பாதையில் தொங்கவிட்டால் ஒரு பொறி காத்திருக்கிறது. ஹீட்டரின் திறன் மின்னழுத்தத்தின் இருமடிப்படி மாறும். முழுதாகச் சார்ஜ் ஆன செல் 4.2 வோல்ட், பயணக் கடைசியில் 3.4 வோல்ட். அந்த விகிதத்தில் திறன் மூன்றில் இரண்டு பங்காகிவிடும். அதாவது இறங்கும்போது, மெதுவாகப் பறக்கும்போது, ஐஸ் மிக ஆபத்தாக இருக்கும்போது உங்கள் ஹீட்டர் பலவீனமாக இருக்கும். ஆய்வகத்தில் நிலையான மின்வழங்கியில் சோதிப்பதால் இது தெரியாமல் போகிறது. குறைந்த மின்னழுத்தத்தில் போதுமான வாட் வருமாறு ஹீட்டரை வடிவமைத்து, அதிக மின்னழுத்தத்தில் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துடிப்பாகக் கொடுத்து, துடிப்பு அகலத்தைக் குறைத்துக் கட்டுப்படுத்துங்கள்.

உந்துவிசையும் ஐஸ் பாதுகாப்பும் ஒரே பேட்டரியில் நிற்கின்றன. ஒரு தொகுதி பழுதானால் எந்தச் சுமையைக் கழற்றுவது என்ற பட்டியல் எல்லா விமானத்திலும் இருக்கும். அதில் ஐஸ் பாதுகாப்பை "வசதிச் சுமை" வரிசையில் போட்டுவைப்பது பெரிய தவறு. இடது, வலது ஜோடி எப்போதும் ஒரே தொகுதியிலிருந்து மின்சாரம் எடுக்கட்டும். இல்லையென்றால் ஒரு தொகுதி போனால் ஒரு பக்க இறக்கை மட்டும் ஐஸ் கட்டும்.

10. எப்போது தொடங்குவது?

அதிர்வுக் கோல் உணரிகள் சுமார் 40 கிலோஹெர்ட்ஸில் அதிர்ந்துகொண்டிருக்கும். ஐஸ் ஒட்டினால் அதிர்வெண் இறங்கும். நம்பகமானவை. ஆனால் பூச்சியத்தை ஒட்டிய வெப்பநிலையில் மோதும் நீர் எல்லாம் கோலில் உறையாமல் வழிந்துவிடலாம். அதே நேரம் இறக்கையின் மேற்பரப்பில் அழுத்தம் குறைவதால் காற்று இன்னும் குளிர்ந்து அங்கே உறையலாம். அதனால் உணரியை மட்டும் நம்பாமல், கண்ணுக்குத் தெரியும் ஈரமும் வெப்பநிலையும் சேர்ந்த விதியையும் வையுங்கள். பிரிப்புப் பட்டை மட்டும் முன்கூட்டியே எரியட்டும், அதற்கு அதிகச் செலவில்லை.

தரையில் படிந்த ஐஸுக்கு இந்த அமைப்பு அல்ல. புறப்படும் முன் இறக்கை முழுச் சுத்தமாக இருக்க வேண்டும்.

11. சோதனை வரிசை

உலர் மேசைச் சோதனை, குளிரறை, காற்றுச்சுரங்கம், பிறகு பறத்தல். இந்த வரிசையை மாற்றாதீர்கள். சுரங்க நேரம் விலை அதிகம். மேசையில் வெப்பப்படக் கருவி வைத்துப் பார்த்தாலே குளிர்ந்த இடங்கள் தெரிந்துவிடும்.

சுரங்கத்தில் முன்விளிம்பு உண்மை அளவில் இருக்கட்டும், பின்பகுதியைச் சுருக்கிக்கொள்ளலாம். ஹீட்டரின் அடுக்குகளை அளவு குறைத்தால் வெப்பம் வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஒவ்வொரு ஓட்டத்திலும் குறைந்தது ஐந்து சுற்று பாருங்கள். முதல் சுற்று எப்போதும் அழகாகக் கழலும். மிச்சம் சேர்வது மூன்றாவது, நான்காவது சுற்றில்தான் தெரியும். இரண்டு சுற்றுக்கு நடுவே இருக்கும் ஐஸின் வடிவத்தை அச்செடுத்து வையுங்கள். அமைப்பு தொடங்கும் முன் சேரும் ஐஸ், பழுதான மண்டலத்தில் சேரும் ஐஸ் ஆகியவற்றின் வடிவமும் வேண்டும்.

பறக்கும்போது முதலில் உலர்ந்த காற்றில் ஹீட்டரை ஓட்டி வெப்பநிலைகளைச் சரிபாருங்கள். அடுத்து அந்த அச்சுகளைச் செயற்கையாகச் செய்து இறக்கையில் ஒட்டி, நிறுத்துவேகத்தையும் கட்டுப்பாட்டையும் தெளிவான வானில் அளவிடுங்கள். மடிப்பிறக்கையை (இறக்கையின் பின்விளிம்பில் கீழே மடங்கும் பலகை) இறக்கும்போது வால் எப்படி நடந்துகொள்கிறது என்பதைத் தனியாகப் பாருங்கள். இயற்கை மேகம் கடைசியில்.

12. விமானிக்கு என்ன காட்ட வேண்டும்?

17.4 கடல் மைல் மேகத்தை இந்த வேகத்தில் கடக்க ஆறு நிமிடம். அதற்குள் விமானிக்கு இரண்டு எண்கள் தெரிய வேண்டும். இப்போதைய இழுவையோடும் ஹீட்டரோடும் எவ்வளவு தூரம் போகலாம், மேகத்தை விட்டு வெளியேறி மாற்று ஓடுபாதையில் இறங்க எவ்வளவு மிச்சம். முதல் எண்ணை உலர்ந்த காற்றின் செலவை வைத்துக் காட்டினால் அது பொய் சொல்லும். உண்மையில் மோட்டார் எடுக்கும் கிலோவாட்டை, அந்த வேகத்துக்கு எடுக்க வேண்டிய கிலோவாட்டோடு ஒவ்வொரு நொடியும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் ஏறத் தொடங்கினால் எங்கோ ஐஸ் கழலாமல் நிற்கிறது. ஹீட்டர் விளக்குகள் எல்லாம் பச்சையாக இருந்தாலும் அந்த வித்தியாசத்துக்குத் தனி எச்சரிக்கை ஒலி இருக்கட்டும்.